ஆறரைக் கோடி வருஷம் வெயிலில் காய்ந்த கண்ணாடி: குரோனோ ட்ரிகரில் ப்ரிசம் ஸ்பெக்ஸ் எடுப்பது எப்படி

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். பார்வைக் கண்ணாடி, கூலிங் கிளாஸ், பிரேம், நோஸ் பேட், உடைந்த காதுக் கம்பி, இதுதான் பதினேழு வருஷமாக என் நாள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் ஈ கூட வராது. அந்த நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் குரோனோ ட்ரிகர் என்ற வீடியோ கேம் ஆடுவது என் பழக்கம். எத்தனையாவது முறை என்று கேட்காதீர்கள்.

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, கடைசி பாஸுக்கு முன்னாடி நல்ல ஐட்டம் எது எடுக்கணும்?" என்றான். பாஸ் என்றால் விளையாட்டில் வருகிற பெரிய எதிரி. "கண்ணாடி எடுடா" என்றேன். நான் கடை ஞாபகத்தில் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். ஆனால் அந்த விளையாட்டில் அடியைக் கூட்டும் அணிகலன்களில் முதலிடம் ஒரு கண்ணாடிக்குத்தான். பெயர் ப்ரிசம் ஸ்பெக்ஸ். அதற்கு ஒரு தம்பி உண்டு, சன் ஷேட்ஸ். ஒன்று பவர் கண்ணாடி, மற்றது கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலிங் கிளாஸ் போட்டால் அடி சுமார் கால் பங்கு ஏறும். பவர் கண்ணாடி போட்டால் பாதி ஏறும். நூறு விழுகிற இடத்தில் நூற்றைம்பது.

அவனுக்குப் போனில் சொன்னதில் பாதி அவன் காதில் ஏறவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1995-இல் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாமுக்காக ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்டது. ஹிரோனோபு சகாகுச்சி, யூஜி ஹோரி, ஓவியர் அகிரா தொரியாமா மூவரும் சேர்ந்த கூட்டு. 2008-இல் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்தது, பிறகு போனுக்கு, 2018-இல் ஸ்டீமுக்கு. காலப் பயணக் கதை. கி.மு. 6 கோடியே 50 லட்சம், கி.மு. 12000, கி.பி. 600, 1000, 2300 என்று போய்ப் போய் வருவோம். நாயகன் குரோனோ. மார்ல், லூக்கா, அய்லா, ஃபிராக், ரோபோ, மேகஸ் எல்லாம் அவன் கூட்டாளிகள். சண்டைக்கு ஒரு நேரத்தில் மூன்று பேர் குழு. பொருள்களின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும். நான் பழைய பெயர்களையே எழுதுகிறேன். உங்கள் திரையில் ஓர் எழுத்து முன்பின் இருந்தால் பயப்பட வேண்டாம்.

எப்போது தொடங்கலாம்? உங்கள் காலக்கப்பல் எப்பாக்குக்கு இறக்கை முளைத்து, அது பறக்க ஆரம்பித்த பிறகுதான். அதற்கு முன்னால் இந்த இடங்களுக்குக் கால் வைக்க முடியாது. 'காலத்தின் முடிவு' என்ற இடத்தில் விளக்குக் கம்பத்தடியில் நிற்கிற கிழவர் காஸ்பர், தலைமுறை தலைமுறையாக ஒளி வீசும் ஒரு கல்லைப் பற்றியும் வானவில்லாக மின்னும் ஒரு பொருளைப் பற்றியும் குறிப்புக் கொடுப்பார். அந்த இரண்டும்தான் நமக்கு வேண்டும். கல்லின் பெயர் சன் ஸ்டோன். வானவில்லின் பெயர் ரெயின்போ ஷெல். இரண்டும் கையில் இருந்தால்தான் கண்ணாடி. ஒன்றை மட்டும் முடித்துவிட்டு, "எங்கே மாமா கண்ணாடி?" என்று கேட்டால், லென்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு பிரேம் எங்கே என்று கேட்பதுபோல்.

எதை முதலில் செய்வது என்பதில் கட்டாயம் இல்லை. நான் கல்லைத்தான் முதலில் எடுப்பேன். வழியிலேயே கூலிங் கிளாஸ் கிடைத்துவிடும், அடுத்த சண்டைகளுக்கு உதவும்.

முதலில் கல்

கி.பி. 2300-க்குப் போய்ப் பறந்தால் ஒரு தனித் தீவில் சன் பேலஸ் என்று ஓர் இடம் தெரியும். உலக வரைபடத்தில் எங்கே நின்றும் சேவ் செய்யலாம், ஆகவே வாசலில் சேவ் செய்துவிட்டு நுழையுங்கள். உள்ளே சன் ஆஃப் சன் என்று ஒரு பாஸ். நடுவில் ஒரு கண், அதைச் சுற்றி ஐந்து தீச்சுடர்கள். கண்ணையே பார்த்துப் பழகின எனக்கே முதல் தடவை அந்தக் கண்ணைப் பார்த்ததும் கை தானாக அதை அடிக்கப் போனது. அடிக்காதீர்கள். கண்ணை நேராக அடித்தால் அதற்கு ஒன்றும் ஆகாது, திரும்ப நெருப்புதான் வரும். எல்லா எதிரிகள் மேலும் ஒன்றாக விழுகிற மந்திரங்களும் வேண்டாம்.

இங்கே செய்ய வேண்டியது கண் பரிசோதனை மாதிரி. "இது தெளிவாக இருக்கிறதா, அதுவா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம் அல்லவா, அதே கதை. ஒவ்வொரு சுடராகச் சாதாரண அடியால் தட்டிப் பாருங்கள். ஐந்தில் ஒன்றுதான் சரியான சுடர். அதைத் தட்டினால் அடி கண்ணுக்குப் போய்ச் சேரும். தப்பானதைத் தட்டினால் நெருப்பில் பதில் வரும். சரியான சுடர் தெரிந்ததும் மூன்று பேரும் அதையே விடாமல் அடியுங்கள். கொஞ்ச நேரத்தில் சுடர்கள் இடம் மாறிச் சுழலும், அப்புறம் மறுபடி தேடல். பாஸின் உயிர் 2100 புள்ளிதான். இந்தக் கட்டத்தில் அது ஒன்றுமே இல்லை. தேடலில்தான் நேரம் போகும்.

நெருப்புக்கு முன்னேற்பாடு: ரெட் மெயில், ரெட் வெஸ்ட் என்ற உடுப்புகள் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். நெருப்பு அடிப்பதற்குப் பதிலாக மருந்தாக மாறும். இல்லை என்றால் ஆதிகால ஐயோகா கிராமத்தில் பண்டமாற்றில் கிடைக்கிற ரூபி வெஸ்ட் நெருப்பைக் குறைக்கும். அதோடு, மெனுவில் சண்டை முறையை 'வெயிட்' என்று மாற்றி வைத்தால் டெக் (சிறப்பு அடி) பட்டியலோ ஐட்டம் பட்டியலோ திறந்திருக்கும்வரை எதிரி நிற்பான், மூச்சு விட்டு யோசிக்கலாம். எனக்கு அப்படி ஆடுவதில் எந்த வெட்கமும் இல்லை. கடையில் திடீரென்று ஆள் வந்தால் போனைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

ரெட் மெயிலைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 600-லும் 1000-லும் மந்திர முத்திரை போட்ட கறுப்புப் பெட்டிகள் சில இருக்கும், மார்லின் பதக்கத்துக்கு மட்டுமே திறக்கும். 600-இல் பெட்டியைத் தொட்டதும் பதக்கம் ஒளிரும், 'திறக்கவா' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு 1000-க்குப் போய் அதே பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கும் பொருள் நானூறு வருஷம் ஊறி ஒரு படி உயர்ந்திருக்கும். அதை எடுத்த பிறகு 600-க்குத் திரும்பி முதல் பொருளையும் எடுத்துக்கொள்ளலாம். அவசரப்பட்டு 600-லேயே திறந்தால் ஒன்றோடு போச்சு. தெரியாமல் திறந்துவிட்டவர்களுக்கு என் அனுதாபம். நானும் அந்த ஜாதிதான்.

பாஸ் விழுந்ததும் கையில் மூன் ஸ்டோன் கிடைக்கும். மங்கிப்போன கல். சக்தி தீர்ந்த சூரியக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மறுபடி வெயில் ஏற வேண்டும். எத்தனை நாள் வெயில்? ஆறரைக் கோடி வருஷம்.

எப்பாக்கை எடுத்துக்கொண்டு கி.மு. 6 கோடியே 50 லட்சத்துக்குப் போங்கள். கிழக்கே ஒரு சின்னத் தீவில் சன் கீப் என்ற குகை இருக்கும். எல்லாக் காலத்திலும் அதே இடத்தில்தான் இருக்கும். உள்ளே வெயில் விழுகிற இடத்தில் கல்லை வைத்துவிட்டு வெளியே வாருங்கள். அம்மா மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டுவிட்டு இறங்குவது போலத்தான். காக்கா தூக்கிப்போகுமோ என்ற பயம் அம்மாவுக்கு இருக்கும். இங்கேயும் அது வீண் பயம் இல்லை.

நேராக 2300-க்குப் பறந்து குகைக்குள் போனால் கல் இருக்காது. பலர் இங்கேதான் குழம்பிப்போய் விளையாட்டில் ஏதோ பிழை என்று நினைப்பார்கள். ஒவ்வொரு காலமாக அதே குகைக்குள் போய்ப் பாருங்கள். கி.மு. 12000-இல் கல் பத்திரமாக இருக்கும். கி.பி. 600-இல் இருக்கும். 1000-இல் வெறும் தரை. ஆக, 600-க்கும் 1000-க்கும் நடுவில் யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். யார் என்று வெளியே வந்தால் தெரியும்: போரே ஊரில் ஊர்த்தலைவர் வீட்டுப் பக்கம் ஏதோ மின்னும்.

போரே ஊர்க் கஞ்சன்

இந்த இடத்துக்காகத்தான் நான் இந்த விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடுகிறேன்.

1000-இல் போரே ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போய்க் கேட்டால் ஆள் அசைய மாட்டார். கல்லா? தெரியாது. ஊரே அவரைக் கஞ்சன் என்கிறது. எந்தச் சண்டையும் போட முடியாது, திருடவும் முடியாது, காசு கொடுத்தும் வாங்க முடியாது. ஆளை மாற்ற வேண்டும். ஆளை மாற்ற அவருடைய மூதாதையரை மாற்ற வேண்டும். காலக்கப்பல் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு பெரிய வேலையா?

1000-லேயே போரேயில் ஸ்னெயில் ஸ்டாப் என்ற கடை இருக்கிறது. அங்கே ஜெர்க்கி விற்கிறார்கள், அதாவது உப்புக்கண்டம். விலை 9,900 ஜி, ஜி என்பது இந்த விளையாட்டின் காசு. ஒரு துண்டு உப்புக்கண்டத்துக்கு இந்த விலை என்றால் ஆட்டை உயிரோடு வாங்கி விடலாமே என்று தோன்றும். வாங்குங்கள். வாங்கிக்கொண்டு 600-க்குப் போங்கள். அதே போரேயில் மூப்பர் வீட்டில் ஒரு பெண்மணி இருப்பார். கையில் உப்புக்கண்டம் இருப்பதைப் பார்த்ததும் பத்தாயிரம் தருகிறேன், விற்கிறீர்களா என்பார்.

9,900-க்கு வாங்கியது 10,000-க்குப் போகிறது. நூறு லாபம்.

அக்கா மகன் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விற்றுவிட்டான். "நூறு லாபம் மாமா" என்று பெருமையாக வேறு சொன்னான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் நானும் முதல் தடவை விற்றேன். வியாபாரம் பண்ணுகிறவன் கை அப்படித்தான் போகும். முந்நூறு ரூபாய் பிரேமை முந்நூற்றி ஐம்பதுக்குக் கொடுத்தே பழகியவனிடம் 'இனாமாகக் கொடுக்கவா?' என்ற வரி திரையில் இருந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. விற்றுவிட்டு 1000-க்குப் போனேன். ஊர்த்தலைவர் அதே கஞ்சன். வேறு யாரோ ஒருவரிடம் பேச வேண்டும் போல என்று போரே முழுக்க ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினேன், ஒருவரும் பயன்படவில்லை. கடைசியில் பழைய சேவ் ஃபைலைத் திரும்ப எடுத்து, அந்த அம்மாளிடம் போய் நின்று, இந்த முறை பதிலை நிதானமாகப் படித்தேன்.

ஆகவே: காசு வாங்காதீர்கள். சும்மா கொடுத்துவிடுங்கள். அந்த அம்மாள் நெகிழ்ந்துபோய், தன் பிள்ளைகளையும் இப்படித் தாராள மனசோடு வளர்க்கப்போகிறேன் என்கிற மாதிரிச் சொல்வார். நானூறு வருஷம் கழித்து 1000-இல் அதே வீட்டுக்குப் போனால் ஊர்த்தலைவர் சிரித்த முகமாக இருப்பார். கேட்பதற்கு முன்னால் கல்லை எடுத்துக் கையில் வைப்பார். 9,900 ஜி செலவு, ஒரு வம்சமே மாறியிருக்கிறது. வாங்கின கையோடு சேவ் செய்துவிட்டுத்தான் அந்த அம்மாளிடம் பேசப் போக வேண்டும் என்று அக்கா மகனுக்குத் தனியாகச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

கல் கையில் வந்ததும் நேரே 2300-க்குப் போகாதீர்கள். 1000-இல் இருக்கிற சன் கீப் குகையில் மறுபடி வைக்க வேண்டும். மீதி வெயில் பாக்கி இருக்கிறது. வைத்துவிட்டு, குழுவில் லூக்காவைச் சேர்த்துக்கொண்டு 2300-க்குப் போங்கள். இப்போது குகை பளிச்சென்று இருக்கும். மூன் ஸ்டோன், சன் ஸ்டோனாகி இருக்கும். லூக்கா எடுத்துக்கொள்வாள், காட்சி அவள் வீட்டுக்கு மாறும். அவளும் அப்பா டபனும் சேர்ந்து அந்தக் கல்லின் சக்தியில் வொண்டர்ஷாட் என்ற துப்பாக்கியைச் செய்வார்கள். டபன் கூடவே சன் ஷேட்ஸ் தருவார். வொண்டர்ஷாட் ஒருமுறை இடி, மறுமுறை தூசி. விழுகிற அடியை நம்பி ஒரு கணக்கும் போட முடியாது. கூலிங் கிளாஸ் உறுதியான சரக்கு.

அப்புறம் சிப்பி

ரெயின்போ ஷெல் பாதி நேரம் சண்டை, பாதி நேரம் நீதிமன்றம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

600-இல் சோராஸ் ஊருக்குப் போங்கள். அங்கே டோமா என்ற நாடோடி குடித்துக்கொண்டிருப்பான். பேசினால் ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து, நான் செத்துப்போனால் என் கல்லறையில் இதை ஊற்று என்பான். நாம் என்ன செய்வோம்? எப்பாக்கில் ஏறி 1000-க்குப் போய், வெஸ்ட் கேப்பில் அவன் கல்லறையைத் தேடிப் பிடித்து ஊற்றுவோம். நேற்றுப் பேசிய ஆள் நானூறு வருஷமாகச் செத்துக் கிடக்கிறான். எனக்கு அந்த இடத்தில் எப்போதும் ஒரு மாதிரியாக இருக்கும். ஆவியாக வந்து ஜயன்ட்ஸ் கிளா என்ற இடத்தைச் சொல்வான். மறுபடி 600.

ஜயன்ட்ஸ் கிளா புதிய இடம் அல்ல. ஆதிகாலத்தில் அசாலா என்ற எதிரியோடு சண்டை போட்டீர்களே, அதே டிரானோ கோட்டை மண்ணுக்குள் புதைந்து மிஞ்சியது. சுவர்களைப் பார்த்தால் பழகிய இடம் என்று தெரியும். கடைசியில் ரஸ்ட் டிரானோ நிற்கும். 25,000 உயிர். ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வந்து முடிவில் நெருப்பைக் கக்கும். சன் ஆஃப் சன்னுக்குப் போட்ட அதே சிவப்பு உடுப்புகளைக் கழற்றாமல் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. எண்ணி முடிக்கும் முன் எல்லாருடைய உயிரையும் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சிப்பி பெரியது, தூக்க முடியாது. கார்டியா அரண்மனை வீரர்கள் வந்து எடுத்துப்போய் அரச குடும்பச் சொத்தாக வைப்பார்கள். நானூறு வருஷம் அங்கேயே கிடக்கட்டும். நாம் மார்லைக் கூட்டிக்கொண்டு 1000-இல் அரண்மனைக்குப் போனால், மார்லின் அப்பா, அதாவது அரசரே, கூண்டில் நிற்கிறார். குடும்பச் சொத்தான சிப்பியை விற்றுவிட்டார் என்று வழக்கு. தொடுத்தவர் மந்திரி. அரண்மனையின் அடித்தளத்தில் போய்த் தேடினால் விற்றதாகச் சொன்ன சிப்பி அங்கேயே பத்திரமாக இருக்கும். வழியில் இடைமறிக்கிற பிசாசுகளை அடித்துவிட்டு ஒரு துண்டைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். மார்ல் வண்ணக் கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குள் குதிக்கிற காட்சி இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த ஐந்தில் ஒன்று. கண்ணாடிக்காரனாக அந்த ஜன்னலுக்கு வருத்தப்பட்டாலும் சரி.

மந்திரி வேடத்தில் இருப்பது யக்ராவின் பதின்மூன்றாம் தலைமுறை. 600-இல் நாம் கொன்ற அதே பிசாசின் வாரிசு, பழிவாங்க வந்தது. சண்டை கடினமில்லை. முடிந்ததும் ஒரு சாவி கிடைக்கும். நிஜ மந்திரியைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள், மறக்காமல் திறந்து விடுங்கள். இந்த வம்சத்துக்கே மந்திரிகளைப் பெட்டியில் அடைக்கிற வழக்கம். மார்லும் அப்பாவும் அங்கேயே சமாதானம் ஆகிவிடுவார்கள்.

மெல்கியோர் கடை

இப்போது கீழே கருவூலத்துக்குப் போனால் ஆயுதம் செய்கிற மெல்கியோர் தாத்தா சிப்பிக்கு முன்னால் நிற்பார். ஒரு கேள்வி கேட்பார்: ப்ரிசம் டிரெஸ் ஒன்றா, ப்ரிசம் ஹெல்ம் மூன்றா? டிரெஸ் பெண்களுக்கு மட்டும், மந்திர அடியை நன்றாகக் குறைக்கும். ஹெல்ம் யாரும் போடலாம், விஷம், தூக்கம், குழப்பம் எல்லாவற்றையும் தடுக்கும். நான் எப்போதும் மூன்று தொப்பிதான். ஒரு ஆளுக்குப் பட்டுச் சேலை எடுப்பதைவிட மூன்று பேருக்கு மழைக்கோட்டு எடுப்பது நல்லது என்று எங்கள் வீட்டில் வளர்ந்தவன் நான். உங்கள் குழுவில் மார்லும் அய்லாவும் நிலையாக இருந்தால் டிரெஸ் யோசிக்கலாம்.

இந்தப் பதிலைச் சொன்னதும் பலர் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பாதீர்கள்! சன் ஸ்டோனும் உங்களிடம் இருந்தால் தாத்தா இன்னொரு வேலையும் செய்து தருவார். சூரியக்கல்லையும் வானவில் சிப்பியையும் சேர்த்து, குரோனோவுக்கு ரெயின்போ என்ற வாளும், அதோடு நாம் இத்தனை தூரம் வந்ததற்குக் காரணமான ப்ரிசம் ஸ்பெக்ஸும் கிடைக்கும். கல்லை இன்னும் எடுக்கவில்லையா? பரவாயில்லை, அதை முடித்துவிட்டுத் திரும்ப வந்து அவரிடம் பேசுங்கள்.

ஒரு தொழில் குறிப்பு. ப்ரிசம் என்பது எங்கள் கடையிலும் உண்டு. ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது என்று வருபவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் லென்ஸில் ப்ரிசம் வைப்போம். ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பி இரண்டு பிம்பத்தையும் ஒன்றாகச் சேர்க்கும். அதைப் போட்டவுடன் ஒன்றாகத் தெரிகிறது என்று சொல்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மெல்கியோர் செய்த கண்ணாடி அதே வகைதானா என்று கேட்டால், இல்லை, பெயர்தான் ஒற்றுமை. ஆனாலும் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் கடை ஞாபகம் வரத்தான் செய்கிறது.

யாருக்குப் போடுவது

ஒரு ஆளுக்கு ஒரே ஓர் அணிகலன்தான். இந்த வேலையில் ஒரே ஒரு ப்ரிசம் ஸ்பெக்ஸ்தான் கிடைக்கும். ஆகவே யார் மூக்கில் மாட்டுவது என்பதுதான் கேள்வி.

என் பதில் குரோனோ. ரெயின்போ வாளுக்கு நூறு அடியில் எழுபது கிரிட்டிக்கல் விழும் தன்மை உண்டு. கிரிட்டிக்கல் என்றாலே அடி இரட்டிப்பு மாதிரி. அதற்கு மேல் கண்ணாடி பாதியைக் கூட்டுகிறது. சாதாரண அடிக்கே எதிரி கலங்குவான், எம்பியும் (மந்திர சக்திப் புள்ளி) செலவில்லை. நான்கு தடவை வெட்டுகிற அவனுடைய 'கன்ஃப்யூஸ்' டெக்கை ஒற்றை பாஸின் மேல் விட்டுப் பாருங்கள், அப்புறம் நான் சொல்ல வேண்டியதில்லை.

அய்லாவுக்கு மாட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். அவள் கையே ஆயுதம், அடி பலம்தான். ஆனால் 96-ஆம் நிலையைத் தொட்டால் அவள் முட்டி வெண்கல முட்டியாகும், கிரிட்டிக்கல் விழுந்தால் 9,999. அதற்கு மேல் திரையில் எண் ஏறாது, கண்ணாடி போட்டு என்ன பயன்? அவளுக்குச் சார்ம் டாப் மாட்டி எதிரிகளிடம் பொருள் கறக்க விடுங்கள், கறுப்புக் கோட்டையான பிளாக் ஓமனில் அதனால் லாபம். லூக்காவுக்கும் மேகஸுக்கும் கோல்ட் ஸ்டட் நல்லது. எம்பி செலவை முக்கால் பங்கு குறைக்கும். இருபது எம்பி கேட்கிற ஃப்ளேர் ஐந்தில் முடியும். ஃபிராக்குக்குக் கூலிங் கிளாஸ். தவளைக்கு எதுக்குக் கூலிங் கிளாஸ் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, மசமுனே வாளோடு நன்றாக வேலை செய்கிறது.

ஒரு தடவை முடித்துவிட்டு, சேர்த்த பொருள்களோடு முதலிலிருந்து ஆடுகிற நியூ கேம் பிளஸ் தொடங்கினால் இந்தக் கண்ணாடி கூடவே வரும். இன்னொரு முறை இதே சுற்றைச் சுற்றினால் இரண்டாவது ஜோடி. குழுவில் மூன்று பேருக்கும் கண்ணாடி மாட்ட எத்தனை முறை முடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் நேற்று ராத்திரி மெசேஜ் அனுப்பினான். கண்ணாடி கிடைத்துவிட்டதாம். குரோனோவுக்குப் போடச் சொன்னேனே, கேட்டானா? ரோபோவுக்கு மாட்டியிருக்கிறான். ஏன்டா என்று கேட்டால், "அவனுக்குத்தான் மாமா நல்லா இருக்கும்" என்கிறான். இந்த விளையாட்டில் அணிகலன் போட்டால் ஆள் உருவத்தில் ஒன்றும் மாறாது, திரையில் கண்ணாடியே தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். தெரியும் மாமா, இருந்தாலும் என்று பதில் வந்தது.